பழைய கணக்கில் புதிய மாவட்டங்கள்: சித்தூர், திருப்பதிக்குத் திட்டம் எதை வைத்து?

புது தில்லி: நாட்டின் பதினாறாவது மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு ரூ. 11,718 கோடி செலவிட மத்திய அமைச்சரவை 2025 டிசம்பரில் ஒப்புதல் அளித்தது. வீட்டுப் பட்டியல் பணி 2026 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை, ஆள் கணக்கு 2027 பிப்ரவரியில் என அட்டவணை வகுக்கப்பட்டுள்ளது. 2021-ல் முடிந்திருக்க வேண்டிய பணி இது. கொரோனா தொற்றைக் காரணம் காட்டித் தள்ளிவைக்கப்பட்டு, தொற்று ஓய்ந்த பிறகும் பல ஆண்டுகள் கிடப்பில் கிடந்தது.

இடைப்பட்ட காலத்தில் அரசு இயந்திரம் நின்றுவிடவில்லை. ரேஷன் அரிசி ஒதுக்கீடு, நிதிக்குழுவின் பகிர்வு, கிராமச் சாலை, உள்ளாட்சி மானியம் ஆகிய அனைத்தும் 2011 மார்ச் 1-ம் தேதி நாட்டில் எத்தனை பேர் இருந்தனர் என்ற ஒரே எண்ணைக் கொண்டு நடத்தப்பட்டு வந்துள்ளன. இதனால் விளையும் சிக்கல் எல்லா மாவட்டங்களுக்கும் பொதுவானதுதான். ஆனால், தமிழகத்தை ஒட்டியுள்ள ஆந்திரத்தின் சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் அது வேறெங்கும் இல்லாத அளவுக்கு வெளிப்படையாகத் தெரிகிறது. அங்கே கணக்கு பழையதாகிவிட்டது என்பதோடு, கணக்கு எடுக்கப்பட்ட மாவட்டமே இப்போது இல்லை.

இல்லாத மாவட்டத்தின் எண்: 2011 கணக்கெடுப்பின்படி சித்தூர் மாவட்டத்தின் மக்கள்தொகை 41,74,064. எழுத்தறிவு 71.53 சதவீதம். ஆயிரம் ஆண்களுக்கு 997 பெண்கள். 66 மண்டலங்களும் 14 சட்டப்பேரவைத் தொகுதிகளும் கொண்ட பெரிய மாவட்டம் அது. 2022 ஏப்ரல் 4-ம் தேதி ஆந்திரத்தின் 13 மாவட்டங்கள் 26 ஆக்கப்பட்டபோது அது மூன்றாகப் பிரிந்தது. கிழக்கில் திருப்பதி, சந்திரகிரி, ஸ்ரீகாளஹஸ்தி, சத்தியவேடு பகுதிகள், நெல்லூர் மாவட்டத்தில் இருந்து வந்த கூடூர், சூளூர்பேட்டை, வெங்கடகிரி பகுதிகளுடன் இணைந்து திருப்பதி மாவட்டமாயின. மேற்கில் மதனப்பள்ளி, பீலேர், தம்பள்ளப்பள்ளி ஆகியவை ராயசோட்டியைத் தலைமையிடமாகக் கொண்டு அமைந்த அன்னமய்யா மாவட்டத்துக்குச் சென்றன. எஞ்சியது சித்தூர். 2011 கணக்கைப் புதிய எல்லைகளுக்கு ஏற்ப மாற்றிக் கூட்டினால் திருப்பதிக்குச் சுமார் 22 லட்சம், சித்தூருக்குச் சுமார் 18.7 லட்சம் பேர் வருகின்றனர்.

இப்படி மாற்றிக் கூட்டுவது இயலும். கணக்கெடுப்பு கிராமம் கிராமமாக வெளியிடப்படுவதால், எந்தக் கிராமம் எந்த மாவட்டத்துக்குப் போனது எனப் பார்த்துக் கூட்டிவிடலாம். ஆனால், மாதிரி ஆய்வுகளில் அது இயலாது. குழந்தைகளின் ஊட்டச்சத்துக் குறைவு, பெண்களின் ரத்தசோகை, தடுப்பூசி போன்றவற்றை அறியத் திட்டமிடுவோர் நம்பியிருப்பது தேசிய குடும்பநல ஆய்வைத்தான். அதன் ஐந்தாம் சுற்றுக்காக ஆந்திரத்தில் 2019-ல் களப்பணி நடந்தது. அதில் "சித்தூர்" என்று இருப்பது பழைய, பிரிக்கப்படாத சித்தூர். மாவட்டத்துக்கு ஒரு சராசரி கிடைக்கும் அளவில்தான் வீடுகள் தேர்ந்தெடுக்கப்பட்டன. குப்பத்து மலையோரக் குழந்தைக்கும் சந்திரகிரியில் நகரத்தை ஒட்டி வாழும் குழந்தைக்கும் ஒரே சராசரி. அதை இன்று இரண்டாகவோ மூன்றாகவோ பிரித்துப் பார்க்க வழியில்லை.

புதிய மாவட்டங்களின் எல்லைகள் எப்படி அமைந்தன என்பதைப் பின்னோக்கிப் பார்த்தால் மேலும் வியப்பான செய்தி கிடைக்கிறது. ஒரு மக்களவைத் தொகுதிக்கு ஒரு மாவட்டம் என்பதே 2022 பிரிவினையின் அடிப்படை. சில இடங்களில் மட்டும் அது தளர்த்தப்பட்டது. அந்தத் தொகுதிகளின் எல்லைகள் 2008-ல் வரையப்பட்டவை. அவை 2001 மக்கள்தொகையை அடிப்படையாகக் கொண்டவை. தொகுதிகளின் எண்ணிக்கையோ 1971 மக்கள்தொகையின்படி நிர்ணயிக்கப்பட்டு, 1976-ல் 42-வது அரசியல் சட்டத் திருத்தத்தின் மூலம் உறைய வைக்கப்பட்டது. ஆக, 2022-ல் பிறந்த ஒரு மாவட்டத்தின் உருவத்துக்குள் 1971-ம் ஆண்டின் ஆள் கணக்கு ஒளிந்திருக்கிறது. திட்டமிடல் வசதிக்காகச் சிறிய மாவட்டங்கள் என்று சொல்லப்பட்டாலும், பிரித்த கத்தி தேர்தல் கத்திதான்.

அதற்குப் பிறகும் ஆந்திரத்தில் மாவட்ட எல்லைகள் அசையாமல் நிற்கவில்லை. கணக்கெடுப்புக்காக 2025 டிசம்பர் 31-ம் தேதியுடன் நிர்வாக எல்லைகள் உறைய வைக்கப்படும் என மத்திய அரசு அறிவித்திருந்ததால், அதற்கு முன் முடித்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் அம்மாநில அரசு மீண்டும் மாற்றங்களைச் செய்தது. மதனப்பள்ளிப் பகுதி மக்கள் சில ஆண்டுகளுக்குள் இரண்டாவது முறையாக நிர்வாக மாற்றத்தைச் சந்தித்தனர்.

ரேஷன் கடையில் 2011: எண்ணிக்கை பழையதானால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்பவர்களுக்கு உணவுப் பாதுகாப்புச் சட்டமே நேரடியான பதில். 2013-ம் ஆண்டின் அச்சட்டம் நாட்டின் கிராமப்புற மக்களில் 75 சதவீதம், நகர்ப்புற மக்களில் 50 சதவீதம் வரை மானிய தானியம் பெற வகை செய்கிறது. எந்தக் கணக்கெடுப்பின் விவரங்கள் வெளியாகியுள்ளனவோ அதன்படியே பயனாளிகளின் மொத்த எண்ணிக்கை கணக்கிடப்பட வேண்டும் என்று அதன் 9-வது பிரிவு கூறுகிறது. அப்படிக் கணக்கிட்டு வந்த உச்சவரம்பு சுமார் 81.35 கோடி பேர்.

விழுக்காடு மக்கள்தொகையுடன் சேர்ந்து வளரும் என்பதுதான் சட்டத்தின் எண்ணம். 2021-ல் கணக்கெடுப்பு நடந்திருந்தால் உச்சவரம்பு தானாகவே உயர்ந்திருக்கும். நடக்கவில்லை; உயரவும் இல்லை. இதனால் 10 கோடிக்கும் அதிகமானோர் விடுபட்டிருப்பதாகப் பொருளாதார அறிஞர்கள் ஜீன் திரேஸ், ரீத்திகா கேரா ஆகியோர் 2020-லேயே மதிப்பிட்டனர். 2011 கணக்கெடுப்போடு சலுகைகளை முடக்கிவிடாமல், தேவைப்படும் மேலும் பலருக்குப் பயன் கிடைக்கும் வகையில் வழிமுறை காண வேண்டும் என்று புலம்பெயர் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2022 ஜூலையில் மத்திய அரசுக்கு அறிவுறுத்தியது. இருந்தும் புதிய கணக்கெடுப்பு நடக்கும் வரை என்ற நிலையே நீடித்தது.

ஆந்திரத்துக்கு அச்சட்டத்தின்படி கிராமங்களில் சுமார் 61 சதவீதமும் நகரங்களில் சுமார் 41 சதவீதமும் ஒதுக்கப்பட்டன. மாநில அரசு வழங்கியுள்ள அரிசி அட்டைகளோ இதைவிடக் கணிசமாக அதிகம். இடைவெளியை மாநிலக் கருவூலம் ஏற்கிறது. எனவே, சித்தூர் மாவட்டக் கிராமம் ஒன்றில் இரண்டு வீட்டுக்காரர்கள் ஒரே கடையில் ஒரே அரிசியை வாங்கினாலும் ஒருவருடையது தில்லியின் கணக்கிலும் மற்றவருடையது மாநிலத்தின் கணக்கிலும் எழுதப்படலாம். 2011 மார்ச்சில் பிறந்த குழந்தை உயர்நிலைப் பள்ளிக்கு வந்துவிட்டது. அதற்குப் பிறகு பிறந்த தம்பி, தங்கைகள் தில்லியின் மொத்த எண்ணிக்கையில் இன்னும் பிறக்கவே இல்லை. இறந்தவரின் பெயரை நீக்கினால்தான் இவர்களுக்கு இடம்.

முதல் திட்டத்திலேயே பிழை: மக்கள்தொகையைத் தவறாகக் கணித்து அதன் மேல் திட்டம் கட்டுவது இந்தியாவுக்குப் புதிதல்ல. சுதந்திர இந்தியாவின் முதல் கணக்கெடுப்பு 1951-ல் நடந்தது. அதன் ஆணையர் ஆர்.ஏ. கோபாலசாமி. குடும்பக் கட்டுப்பாட்டை அரசே கையில் எடுக்க வேண்டும் என்ற வாதத்துக்கு அக்கணக்கெடுப்பு அறிக்கை பெரும் வலுவூட்டியது. ஆனால், முதலாவது ஐந்தாண்டுத் திட்டத்தை வகுத்தோர் மக்கள்தொகை ஆண்டுக்கு 1.25 சதவீதமே பெருகும் எனக் கொண்டனர். இரண்டாவது திட்டம் 1961-ல் 40.8 கோடிப் பேர் இருப்பர் என்று எதிர்பார்த்தது. 1961-ல் எண்ணிப் பார்த்தபோது 43.9 கோடி. மூன்று கோடிக்கும் அதிகமானோர் திட்டத்தில் இடம்பெறாமலேயே உணவும் பள்ளியும் வேலையும் கேட்டு வந்து நின்றனர். தனிநபர் வருமானம் பற்றிய எதிர்பார்ப்புகள் தவறிப்போனதற்கு இது ஒரு முக்கியக் காரணம். அன்று பிழையைக் காட்டிக் கொடுத்தது, பத்து ஆண்டுக்கு ஒருமுறை தவறாமல் நடந்த கணக்கெடுப்பு.

அதே 1951 கணக்கெடுப்பு சித்தூர் மாவட்டத்தின் தலைவிதியையும் எழுதியது என்பது தமிழக வாசகர்கள் அறிந்த கதை. 1911-ல் வட ஆர்க்காடு, கடப்பை மாவட்டங்களின் பகுதிகளைச் சேர்த்து உருவாக்கப்பட்ட அம்மாவட்டம் 1953-ல் ஆந்திரத்துக்குச் சென்றது. வடக்கெல்லைப் போராட்டத்தை ம.பொ. சிவஞானம் முன்னின்று நடத்தினார். எல்லைத் தகராறைத் தீர்க்க நியமிக்கப்பட்ட எச்.வி. படாஸ்கர், கிராமத்தை அலகாகக் கொண்டு, நிலத்தொடர்ச்சியையும் 1951 கணக்கெடுப்பு காட்டிய மொழிப் பெரும்பான்மையையும் அளவுகோலாகக் கொண்டார். அதன்படி 1960 ஏப்ரல் 1-ல் திருத்தணி தமிழகத்துக்கு வந்தது. செங்கற்பட்டு மாவட்டத்தில் இருந்த சத்தியவேடு பகுதி ஆந்திரத்துக்குப் போனது. வீட்டில் ஒரு மொழியும் சந்தையில் மற்றொரு மொழியும் பேசும் எல்லைக் குடும்பங்களைக் கணக்கெடுப்பாளர் ஒரே மொழியின் கட்டத்தில்தான் எழுத முடியும். அந்தக் கட்டம் பின்னாளில் எல்லைக் கோடாகும் என்று பதில் சொன்னவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள்.

தலைக்கு எவ்வளவு?: மக்கள்தொகையைப் பாராமல் மாவட்டம் என்ற பெயரை மட்டும் பார்த்து நிதி ஒதுக்கினால் என்ன ஆகும் என்பதற்கும் சித்தூரே சான்று. 2014-ல் ஆந்திரம் பிரிக்கப்பட்ட பின், ராயலசீமையின் 4 மாவட்டங்கள், வட கடலோரத்தின் 3 மாவட்டங்கள் என 7 பின்தங்கிய மாவட்டங்களுக்குச் சிறப்பு நிதியுதவி அறிவிக்கப்பட்டது. மாவட்டத்துக்கு ஆண்டுக்கு ரூ. 50 கோடி. 2014-15 முதல் மூன்று ஆண்டுகளுக்கு மொத்தம் ரூ. 1,050 கோடி விடுவிக்கப்பட்டது. 23.44 லட்சம் பேர் கொண்ட விஜயநகரத்துக்கும் ரூ. 50 கோடி, 41.74 லட்சம் பேர் கொண்ட சித்தூருக்கும் அதே ரூ. 50 கோடி. 2011 கணக்கின்படி தலைக்கு விஜயநகரத்தில் ரூ. 213, சித்தூரில் ரூ. 120. விஜயநகரம் அதிக வறுமை உள்ள மாவட்டம் என்று வாதிடலாம். அந்த வாதத்தில் நியாயமும் இருக்கலாம். ஆனால், அப்படி எடைபோட்டு இந்தத் தொகை நிர்ணயிக்கப்படவில்லை. ஏழு மாவட்டம், ஏழு சம பங்கு, அவ்வளவுதான்.

இதற்கு முன் வேறு விதமாகவும் நடந்திருக்கிறது. திட்டக்குழு 2003-ல் மாவட்டங்களை வரிசைப்படுத்தியபோது விவசாயத் தொழிலாளி ஒருவரின் உற்பத்தி மதிப்பு, விவசாயக் கூலி, தாழ்த்தப்பட்டோர் மற்றும் பழங்குடியினர் விகிதம் ஆகிய மூன்றையும் அளவுகோலாகக் கொண்டது. பின்தங்கிய மாவட்டங்கள் குறித்த அப்போதைய அணுகுமுறையின் தொடர்ச்சியாக, 2006 பிப்ரவரியில் வேலை உறுதித் திட்டம் முதற்கட்டமாக 200 மாவட்டங்களில் தொடங்கப்பட்டபோது சித்தூர் அதில் இடம்பெற்றது. (அத்திட்டத்தின் சட்டத்துக்குப் பதிலாக 2025 டிசம்பரில் புதிய சட்டம் இயற்றப்பட்டுவிட்டது.) பின்தங்கிய வட்டார மானிய நிதிக்கான 250 மாவட்டங்களிலும் சித்தூர் இருந்தது. நாட்டிலேயே செல்வம் மிக்க கோயிலைக் கொண்ட மாவட்டம் பின்தங்கியதா என்று அன்று சிலர் புருவம் உயர்த்தினர். மேற்கே மானாவாரி நிலக்கடலையை நம்பி, ஆழ்குழாய்க் கிணறுகள் வறண்டு கிடந்த கிராமங்களைக் கண்டவர்களுக்கு அந்த ஐயம் எழவில்லை.

எந்தப் பகுதியை அலகாகக் கொள்கிறோம் என்பதைப் பொறுத்தே புள்ளிவிவரம் பேசுகிறது. 2018-ல் நீதி ஆயோக் "முன்னேற விழையும் மாவட்டங்கள்" என்று அடையாளம் கண்டபோது ராயலசீமையில் இருந்து கடப்பை மட்டுமே தேர்வாயிற்று. சித்தூரின் சராசரி அதன் மேற்கு மண்டலங்களை மறைத்துவிட்டது எனலாம். 2023-ல் மாவட்டத்தை விட்டு 500 வட்டாரங்களை அலகாகக் கொண்ட திட்டம் தொடங்கப்பட்டது, சராசரிக்குள் மறைவதைத் தவிர்க்கும் முயற்சி. ஆனால், அலகு சிறுத்தால் தரவு நுணுக்கமாக இருக்க வேண்டும். வட்டார அளவில் முழுமையான ஆள் கணக்கு என்று இருப்பது 2011-ஐச் சேர்ந்தது மட்டுமே. மத்திய சுகாதார அமைச்சகத்தின் தொழில்நுட்பக் குழு 2036 வரை வெளியிட்ட மக்கள்தொகை மதிப்பீடுகளும் மாநில அளவோடு நின்றுவிட்டன.

மலையில் 7,741 பேர்: இனித் திருமலை. 2011 கணக்கெடுப்பு அங்கே குடியிருப்போர் 7,741 பேர் என்கிறது. 2024-ம் ஆண்டில் ஏழுமலையானைத் தரிசித்தோர் சுமார் 2.55 கோடி, நாளொன்றுக்குச் சராசரி ஏறத்தாழ 70 ஆயிரம். குடியிருப்போரைப் போல் ஒன்பது மடங்கினர் தினமும் வந்து, குளித்து, உண்டு, உறங்கித் திரும்புகின்றனர். பிரம்மோற்சவத்தின் கருட சேவை நாளில் இக்கணக்கு லட்சங்களில் போகும்.

இது கணக்கெடுப்பின் பிழை அன்று. இந்தியக் கணக்கெடுப்பு ஒருவரை அவர் வழக்கமாக வசிக்கும் இடத்தில் எண்ணுகிறது. யாத்திரிகர் தம் ஊரில் எண்ணப்பட்டுவிடுவார். வீடற்றோர் மட்டும் கடைசி நாள் இரவில், எங்கே படுத்திருக்கிறார்களோ அங்கே எண்ணப்படுகின்றனர். இரட்டிப்பைத் தவிர்க்க இதுவே சரியான முறை. ஆனால், அந்த எண்ணைக் கொண்டு குடிநீரும் கழிவுநீரும் மருத்துவமனைப் படுக்கையும் திட்டமிடும்போதுதான் கோளாறு தொடங்குகிறது.

திருமலையின் செலவைத் தேவஸ்தானம் பார்த்துக்கொள்கிறது. உண்டியல் இருக்கிறது. மலையின் கீழே உள்ள திருப்பதி மாநகராட்சிக்கு உண்டியல் இல்லை. 2011-ல் சுமார் 2.87 லட்சம் பேர் வசித்த அந்நகரத்தின் வழியாகத்தான் மலைக்குச் செல்வோரில் மிகப் பெரும்பாலோர் கடந்து செல்கின்றனர். ரயில் நிலையம், பேருந்து நிலையம், விடுதிகள், குப்பை, போக்குவரத்து நெரிசல் எல்லாம் கீழே. இது போதாதென்று ராயலசீமை முழுவதிலும் இருந்தும் தமிழகத்தின் எல்லை மாவட்டங்களில் இருந்தும் நோயாளிகள் ருயா, ஸ்விம்ஸ் மருத்துவமனைகளுக்கு வருகின்றனர். பதினைந்தாவது நிதிக்குழு உள்ளாட்சி மானியத்தை மாநிலங்களுக்குப் பிரித்தபோது 2011 மக்கள்தொகைக்கு 90 சதவீதமும் பரப்பளவுக்கு 10 சதவீதமும் மதிப்பு தந்தது. வந்துபோவோருக்கு அந்தச் சூத்திரத்தில் இடமில்லை. 10 லட்சத்துக்கு மேற்பட்ட நகரங்களுக்கான தனிப் பகுதியிலும் திருப்பதி சேராது.

தில்லியில் இருப்போருக்கு இது தெரியாததல்ல. 2005 டிசம்பரில் தொடங்கிய ஜவாஹர்லால் நேரு நகர்ப்புறப் புனரமைப்புத் திட்டத்தில் மக்கள்தொகையின்படி இரு பிரிவுகளும், சமய, வரலாற்று, சுற்றுலாச் சிறப்புள்ள நகரங்களுக்கு எனத் தனியாகச் சில இடங்களும் வைக்கப்பட்டன. திருப்பதி பின்னர் அதில் சேர்க்கப்பட்டது. 2016 செப்டம்பரில் ஸ்மார்ட் சிட்டி பட்டியலிலும் இடம் கிடைத்தது. நகரின் நெரிசலைக் குறைக்கக் கட்டப்பட்டு 2023-ல் முழுமையாகத் திறக்கப்பட்ட சீனிவாச சேது மேம்பாலத்துக்கு அத்திட்ட நிதியும் தேவஸ்தான நிதியும் சேர்ந்தே செலவாயின. ஆனால், இவையெல்லாம் விதிவிலக்குகளாகக் கிடைத்தவை. ஒரு திட்டம் முடிந்தால் சலுகையும் முடிந்துவிடும். ஸ்மார்ட் சிட்டி திட்டம் 2025 மார்ச்சோடு முடிந்தது. யாத்திரிகர் வருவது முடியவில்லை.

நாட்டில் தினமும் ஆட்களை இவ்வளவு கவனமாக எண்ணும் இடம் திருமலையைப் போல் வேறொன்று இருக்குமா என்பது ஐயமே. தரிசனம் செய்தோர், முடி காணிக்கை செலுத்தியோர், விற்ற லட்டு என்று அன்றாடம் கணக்கு வெளியாகிறது. 2024-ல் முடி காணிக்கை செலுத்தியோர் மட்டும் சுமார் 99 லட்சம். இத்தனை துல்லியமான கணக்கு, மலையடிவாரத்து நகரத்தின் நிதி ஒதுக்கீட்டில் ஒரு ரூபாயைக்கூட நிர்ணயிப்பதில்லை.

மொத்த எண் தெரிந்திருப்பது மட்டும் போதாது, எந்த நேரத்தில் எந்த இடத்தில் எத்தனை பேர் என்பது தெரிய வேண்டும் என்பதற்கு 2025 ஜனவரி 8-ம் தேதி துயரமான சான்று. வைகுண்ட ஏகாதசி தரிசனத்துக்கான டோக்கன் பெற மக்கள் திருப்பதி நகரில் திரண்டபோது ஏற்பட்ட நெரிசலில் 6 பேர் உயிரிழந்தனர். தமிழகத்தில் இருந்து சென்றவரும் அவர்களில் ஒருவர்.

ஊராட்சியா, நகரமா?: நகரத்தின் ஓரத்தில் இன்னொரு குழப்பம். 5 ஆயிரம் பேருக்குக் குறையாத மக்கள்தொகை, ஆண் தொழிலாளரில் நான்கில் மூன்று பங்கினர் விவசாயம் அல்லாத வேலை, சதுர கிலோமீட்டருக்கு 400 பேர் அடர்த்தி ஆகிய மூன்றும் இருந்தால் ஓர் ஊரைக் கணக்கெடுப்பு நகரமாகக் கொள்கிறது. பத்மாவதித் தாயார் கோயில் கொண்டுள்ள திருச்சானூர், அவிலாலா, அக்காரம்பள்ளி, பேரூர், மங்கலம் ஆகியவை அவ்வாறு 2011-ல் நகரமாக எழுதப்பட்டன. ஆனால், நிர்வாகத்தில் அவை ஊராட்சிகள். அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழுந்த பின்னும் பாதாளச் சாக்கடைக்கும் குப்பை அகற்றுவதற்கும் ஊராட்சிக்கு உள்ள வருவாய்தான். உணவுப் பாதுகாப்பு விகிதத்திலோ நகரப் பகுதிக்குக் குறைந்த பங்கு. கணக்கில் நகரம், கைக்கு வரும் பணத்தில் கிராமம் என்ற இரண்டுங்கெட்டான் நிலை.

கிழக்கே சத்தியவேடு, தடா பகுதியில் 2008-ல் தொடங்கிய ஸ்ரீசிட்டி தொழில் நகரில் ஜப்பான், கொரியா, தைவான் நிறுவனங்கள் உட்படப் பல ஆலைகள் வந்துள்ளன. அங்கே வேலைக்கு வரும் வட மாநிலத்தவரும் தமிழகத்தவரும் 2011-ல் அங்கே இல்லை. மேற்கே குப்பத்தில் நிலைமை நேர்மாறு: தினமும் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போய் இரவில் திரும்புவோர் ஏராளம். கணக்கெடுப்பு இவர்களைக் குப்பத்தில் எண்ணும். உழைப்பும் செலவும் பெங்களூரில்.

இத்தகைய நடமாட்டத்தை அளக்க வழியே இல்லை என்பதில்லை. அர்விந்த் சுப்பிரமணியன் தலைமைப் பொருளாதார ஆலோசகராக இருந்தபோது வெளியான 2016-17 பொருளாதார ஆய்வறிக்கை, ரயில்வேயின் முன்பதிவில்லாப் பயணச்சீட்டு விவரங்களைக் கொண்டு மாநிலங்களிடையே ஆண்டுக்குச் சுமார் 90 லட்சம் பேர் இடம்பெயர்வதாக மதிப்பிட்டது. இந்தோனேசியா எல்லை தாண்டி வரும் பயணிகளைக் கணக்கிட 2016 முதல் செல்பேசித் தரவுகளைப் பயன்படுத்தி வருகிறது. திருப்பதியில் இவை எல்லாம் இருக்கின்றன. ரயில் சீட்டு, பேருந்துச் சீட்டு, தரிசன டோக்கன் எல்லாம் தனித்தனிக் கையில். சேர்த்துப் பார்க்கும் பொறுப்பு யாருக்கும் இல்லை.

குழந்தை பெறச் சொல்லும் அரசு: மக்கள்தொகைத் தரவு கொள்கையை எப்படித் தலைகீழாக்கும் என்பதற்கு இம்மண்ணின் மைந்தரே எடுத்துக்காட்டு. குப்பம் தொகுதியின் உறுப்பினரான சந்திரபாபு நாயுடு முதல்வராக இருந்த 1997-ல் ஆந்திரம் மக்கள்தொகைக் கொள்கையை வெளியிட்டுக் குடும்பக் கட்டுப்பாட்டைத் தீவிரமாக நடத்தியது. 1992-93-ல் 2.6 ஆக இருந்த கருவுறுதல் விகிதம் 2005-06-ல் 1.8 ஆயிற்று. பின்னர் 2019-21 ஆய்வில் 1.7. மக்கள்தொகை நிலைபெறத் தேவையான 2.1-க்கு இது மிகவும் கீழே. இரண்டு குழந்தைகளுக்கு மேல் பெற்றோர் உள்ளாட்சித் தேர்தலில் நிற்கக் கூடாது என்று 1994-ல் கொண்டுவரப்பட்ட தடையை அவரது அரசே 2024 நவம்பரில் நீக்கியது. அதிகக் குழந்தைகள் பெறுமாறு மேடைகளில் அவர் வேண்டுகோள் விடுத்து வருகிறார்.

கணக்கு கைகொடுக்காத கவலையும் இதில் உண்டு. பதினான்காவது நிதிக்குழு மக்கள்தொகைக்கு 1971-ஐ முதன்மையாகவும் 2011-ஐத் துணையாகவும் கொண்டது. பதினைந்தாவது நிதிக்குழு 2011-ஐ மட்டும் கொண்டு, பெருக்கத்தைக் கட்டுப்படுத்திய மாநிலங்களுக்கு ஈடாக 12.5 சதவீத மதிப்பெண்ணைத் தனியே வைத்தது. ஆந்திரத்தின் பங்கு 4.305 சதவீதத்தில் இருந்து 4.047 ஆகக் குறைந்தது. வருமான இடைவெளி உள்ளிட்ட வேறு காரணிகளும் இதில் உண்டு என்றாலும், மக்கள்தொகையைக் குறைத்ததற்குத் தண்டனை என்ற குரல் தென்மாநிலங்கள் அனைத்திலும் எழுந்தது. 2026-க்குப் பிந்தைய முதல் கணக்கெடுப்பு என்பதால் 2027-ன் எண்கள் மக்களவை இடங்களையும் தொடக்கூடியவை. ஆனால், கருவுறுதல் குறைவதன் விளைவு மேடைப் பேச்சுக்கு முன்பே கிராமத்துக்கு வந்துவிடுகிறது. பிள்ளைகள் குறைந்த தொடக்கப் பள்ளிக்கு எத்தனை ஆசிரியர், முதியோர் பெருகிய ஊருக்கு எத்தனை செவிலியர் என்பதைச் சொல்ல வயதுவாரி ஊர்க்கணக்கு வேண்டும். சமவெளியில் 30 ஆயிரம் பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்ற பழைய விதி, அந்த 30 ஆயிரத்தில் எத்தனை பேர் அறுபதைக் கடந்தவர்கள் என்று கேட்பதில்லை.

மத்தியக் கணக்கு வராத நிலையில் மாநில அரசுகள் சொந்தக் கணக்கை எழுதத் தொடங்கின. ஆந்திரத்தில் 2019 அக்டோபர் 2 முதல் 2 ஆயிரம் பேருக்கு ஒரு கிராமச் செயலகம், 50 குடும்பத்துக்கு ஒரு தன்னார்வலர் என ஏற்பாடு செய்யப்பட்டு வீட்டுவாரி விவரங்கள் திரட்டப்பட்டன. 2024-ல் ஆட்சி மாறியதும் தன்னார்வலர் முறை கைவிடப்பட்டது. நலத்திட்டத்துக்காகத் திரட்டும் தரவில் ஒரு குறை உண்டு. அட்டை வேண்டுவோர் கூட்டிச் சொல்வர், வேண்டாதோர் பதிய மாட்டார்கள். தேர்தல் நெருங்கும்போது அத்தரவு யார் கையில் உள்ளது என்ற சந்தேகமும் எழும், ஆந்திரத்தில் எழுந்தது. சட்டப்படி ரகசியம் காக்கப்படும் கணக்கெடுப்புக்கு இவை மாற்றாக முடியாது.

தில்லியிலும் இந்தக் குறை உணரப்படாமல் இல்லை. புள்ளியியல் ஆய்வுகளுக்கு ஆலோசனை கூற 2023 ஜூலையில் பிரணாப் சென் தலைமையில் அமைக்கப்பட்ட நிலைக்குழு 2024-ல் கலைக்கப்பட்டது. கணக்கெடுப்பு ஏன் நடக்கவில்லை என்று உறுப்பினர்கள் கூட்டங்களில் கேட்டு வந்ததாக அவர் அப்போது தெரிவித்தார்.

2027 கணக்கெடுப்பில் விவரங்கள் செல்பேசிச் செயலி மூலம் பதிவு செய்யப்பட உள்ளன. ஜாதி விவரமும் கேட்கப்படும். கட்டடங்கள் வரைபடத்தில் குறிக்கப்படும் என்பதால், பின்னாளில் மாவட்டம் எத்தனை முறை வெட்டப்பட்டாலும் மாற்றிக் கூட்டுவது எளிதாகும். வட்டாரக் கணக்குகள் பழையபடி பல ஆண்டு இழுக்காமல் விரைவில் வெளிவருமானால், புதிய சித்தூரும் திருப்பதியும் தங்கள் உண்மையான எண்ணைக் காண்பது அப்போதுதான் முதல் முறையாக இருக்கும். திருமலையில் குடியிருப்போர் எண்ணிக்கை அதில் சில ஆயிரமாகவே இருக்கும். மலையேறும் எஞ்சிய 70 ஆயிரம் பேரை எந்தச் சூத்திரத்தில் சேர்ப்பது என்பதைக் கணக்கெடுப்பு ஆணையரால் தீர்மானிக்க இயலாது. அதை நிதிக்குழுவும் நகர்ப்புற வளர்ச்சி அமைச்சகமும் மாநில அரசும்தான் தீர்மானிக்க வேண்டும்.